சாரல் தெரியாத தகடு

பணி ஓய்வு நாளில் எனக்கு ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். சால்வை பீரோவில் இருக்கிறது. கடிகாரத்தை மூன்றாம் வாரமே கழற்றிப் பார்த்துவிட்டேன். வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கீழிருந்து வந்ததை மேலே அனுப்பினேன், மேலிருந்து வந்ததைக் கீழே அனுப்பினேன். எந்தப் பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கும் அதிகாரம் எனக்கு முதன்முதலாக வாய்த்தது அன்றுதான்.

கடிகாரத்திலிருந்து தொடங்கிய பழக்கம் ஓராண்டுக்குள் மேலகரம் வீட்டின் மாடி அறை முழுவதையும் பிடித்துக்கொண்டது. தீப்பெட்டி அளவில் வைஃபை போர்டு ஒன்று கிடைக்கிறது. அதில் நாலு வரி நிரல் எழுதி ஏற்றி, ஒரு பக்கம் உணர்கருவியையும் மறுபக்கம் மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலேயையும் கோத்துவிட்டால், வீட்டில் உள்ள எதையும் நம் சொல் கேட்க வைக்கலாம். மனிதர்களைத் தவிர. யூடியூபில் பார்த்துக் கம்பிகளை ஈயத்தால் பற்றவைக்கக் கற்றுக்கொண்டேன். இடது கட்டைவிரலில் அதற்கான சான்றிதழ் இருக்கிறது. இருட்டியதும் வாசல் விளக்குத் தானே எரியும்படி செய்ததுதான் முதல் சாதனை. அதைப் பார்த்து என் மனைவி, "சுவிட்சு கதவுக்குப் பக்கத்துலதான இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

இப்படியாக நான் அக்காவின் வீட்டுக்குள் நுழைந்தேன்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அத்தான் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்தார். அவர் போன பிறகும் அக்கா இலஞ்சியில் அவர் கட்டிய வீட்டிலேயே தனியாக இருக்கிறாள். அவளுக்கு ஒரே மகன், என் மருமகன், பூனாவில் கணினி வேலை. இரண்டு மாதம் அவனோடு போய் இருந்துவிட்டு வந்தவள், "பன்னெண்டாவது மாடிலே. துணி காயப்போடக்கூட ஆகாசத்துல தலைய நீட்டணும்" என்று முடித்துக்கொண்டாள்.

அந்த ஆண்டு அவன் விடுப்பில் வந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினான்.

"மாமா, அம்மா ஒத்தையில இருக்கது எனக்குச் சரியாப் படல. வீட்ட வித்துட்டுக் கூட்டிட்டுப் போயிரலாம்னு இருக்கேன்."

"அவ வருவாளாடே?"

"வரமாட்டாங்க. அதான் உங்ககிட்ட சொல்லுதேன்."

எனக்குள்ளிருந்த அரசு ஊழியன் உடனே ஒரு மாற்று முன்மொழிவை எடுத்து வைத்தான். வீட்டில் கருவி பொருத்துகிறேன். அடுப்படியில் நடமாட்டம் தெரியும். பின்கதவு திறந்தால் தெரியும், மூடினால் தெரியும். அவள் விழுந்தால் மணி அடிக்கும். அவன் வெகுநேரம் யோசித்தான்.

"சரி மாமா. ஆனா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவுங்க விழுந்து உங்க மெஷினு சொல்லாமப் போச்சுன்னா, அப்புறம் நான் யாருகிட்டயும் கேக்கமாட்டேன்."

இந்த நிபந்தனையை அக்காவிடம் நான் சொல்லவில்லை. அவன் சொல்லியிருக்கிறான். மறுநாள் நான் துளைபோடும் கருவியோடு போனபோது கதவைத் திறந்தவள், "ஏலே, என்னைக் காவல்ல வைக்க வந்தியோ, காப்பாத்த வந்தியோ?" என்றாள். காபியும் கொடுத்தாள்.

முதலில் செய்தது தண்ணீர்த் தொட்டி. காலையில் அவள் மோட்டாரைப் போட்டால் தொட்டி நிறைந்ததும் தானே நிற்கும். அதுவரை என்ன நடந்ததென்றால், அவள் மோட்டாரைப் போட்டுவிட்டு வேறு வேலையில் இறங்கிவிடுவாள். தொட்டி நிறைந்து, குழாய் வழியாகப் பக்கத்து வீட்டு வாழைக்குக் கொட்டும். பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் போடுவாள். அவள் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். அவர் ஊரில் இல்லாத குறை தெரியாமல் அந்த வீடு முகாம்போல மணி தவறாமல் நடக்கும். தண்ணீர் வீணாவது என் கண்ணுக்கு நிர்வாகக் குறைபாடாகத் தெரிந்தது. நீக்கினேன்.

அடுத்தது பின்கதவு. அக்கா வழுக்கி விழக்கூடிய இடம் கொல்லைப்புறம்தான். துவைகல், கிணற்றடி, குற்றால சீசன் மாதங்களில் பாசி. எனவே விதி எழுதினேன்: பின்கதவு திறந்து நாற்பது நிமிடத்துக்குள் அடுப்படியில் மறுபடி நடமாட்டம் இல்லையென்றால், பக்கத்து வீட்டில் நான் பொருத்திய மணி அடிக்க வேண்டும், பூனாவுக்குச் செய்தி போக வேண்டும். முதல் வாரத்திலேயே மூன்று முறை மணி அடித்தது. மூன்று முறையும் அக்கா துவைகல்லில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் அந்தப் பெண் தன் வீட்டுக்குள் ஓடிப்போய் மணியைப் பார்த்துவிட்டு, திரும்பி ஓடிவந்து, "ஆச்சி, நீங்க விழுந்துட்டியளாம்" என்று சொல்லியிருக்கிறாள்.

பூனாவில் யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது முறை அவன் ஏதோ முக்கியமான கூட்டத்திலிருந்து எழுந்து வந்து என்னைக் கூப்பிட்டான். "மாமா, பொய்யா வருத செய்தி எனக்கு வேண்டாம். எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கி."

நியாயமான குறை. நிவர்த்தி செய்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் செய்தேன். எச்சரிக்கை முதலில் என் கைபேசிக்கு வரும். நான் பார்த்து, விசாரித்து, 'ஒப்புதல்' என்ற பொத்தானை அழுத்தினால்தான் மணியும் செய்தியும் மேலே போகும். அழுத்தாவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒரு நினைவூட்டு. உரிய வழியாக. வேறு எவனும் இப்படிச் செய்திருக்கமாட்டான். நல்ல அலுவலகத்தில் பழகியவன்தான் ஆபத்துக்கும், கோப்பு வரவு குறிப்பதுபோல, ஒரு தன்பதிவேடு திறப்பான்.

மூன்றாவது வேலை மாத்திரம் அக்காவே கேட்டது. துணி. இங்கே ஆனி, ஆடியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலைப்பக்கமிருந்து சாரல் வந்துவிடும். கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவதுதான் அவளுக்குப் பெரிய ஆபத்து. கொடிக்கு மேலே கம்பி கட்டி, நீல பிளாஸ்டிக் படுதாவைக் கோத்து, தென்காசியில் பழைய சாமான் கடையில் வாங்கிய கார் வைப்பர் மோட்டாரை மாட்டினேன். மழை உணரும் தகடு ஒன்று, உள்ளங்கை அகலம். அதில் ஈரம் பட்டால் படுதா விரியும், காய்ந்தால் சுருங்கும். கம்பத்தின் உச்சியில் தகட்டைப் பொருத்தி, ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் காட்டினேன். படுதா கரகரவென்று பெரிய சத்தத்தோடு விரிந்தது. அக்காவுக்கு மகிழ்ச்சி.

நாலே நாள். ஐந்தாம் நாள் சாரல் விழுந்தது. படுதா அசையவில்லை, துணியெல்லாம் நனைந்துவிட்டது.

"ஏலே, இதுக்கு மழை தெரியுது, சாரல் தெரியலையே. எந்த ஊர்ல செஞ்சது?"

"சீனாக்கா."

"அதான பாத்தேன். அங்கன சாரல் கெடயாது போல."

தகட்டில் ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது, அதைத் திருப்பினால் உணர்திறன் கூடும். கூட்டினேன். காலைப் பனிக்கும் விரிந்துகொண்டது. குறைத்தேன். சாரலுக்கு அசையவில்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கோ இந்த மலையடிவாரத்துக்கான அளவு இருக்கவேண்டும், எனக்கு அது கிட்டவில்லை. ஒரு வாரம் திருகிப் பார்த்துவிட்டுக் கழற்ற ஆயத்தமானேன். அக்கா தடுத்தாள்.

"கழத்தாத. கீழே எறக்கி வை. எனக்கு எட்டுத மாதிரி."

"எதுக்கு?"

"சாரல் விழுந்தா நான் அதுமேல ரெண்டு சொட்டுத் தண்ணி தெளிச்சுக்கிடுதேன். அது விரிஞ்சிக்கிடும். ஓடிப்போயி துணி எடுக்கதுக்கு இது லேசுல்லா?"

மழை உணரும் கருவிக்கு ஆள் வைத்து மழை பெய்விப்பதா என்று எனக்குக் கோபம் வந்தது. என் பொறியியல் வாழ்வின் இழிந்த நாள் அது. ஆனாலும் இறக்கினேன். துவைகல்லுக்குப் பக்கத்தில், துவைக்கும் தண்ணீர் தெறிக்காத பக்கமாக இரண்டு செங்கல்லை வைத்து, அதன்மேல் தகட்டைச் சாய்த்து வைத்தேன். அன்று முதல் சாரல் வந்தால் அக்கா குனிந்து கைவிரலை உதறுவாள், படுதா விரியும். வெயில் வந்தால் சேலைத் தலைப்பால் ஒரு துடைப்பு, படுதா சுருங்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "எந்தம்பி செஞ்சது. நான் மழை பெஞ்சாத்தான் வேலை செய்யும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

இனி நான் குளிக்கப் போன காலையைச் சொல்லவேண்டும்.

பழைய குற்றாலத்தில் நல்ல தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்டு விடிந்ததும் ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டேன். எண்ணெய் தேய்த்துக்கொண்டு, வரிசையில் நின்று, தலையைக் கொடுத்தால் உலகத்தில் எந்தக் கோப்பும் நிலுவையில் இல்லாததுபோல இருக்கும். கைபேசி ஸ்கூட்டர் டிக்கியில் பாலிதீன் பைக்குள் பத்திரமாக இருந்தது. குளித்து, துவட்டி, சூடாக ஒரு டீயும் குடித்துவிட்டு டிக்கியைத் திறந்தபோது மணி எட்டாகப் போகிறது.

திரையில் வரிசையாக நின்றன. எச்சரிக்கை: பின்கதவு. ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. நினைவூட்டு ஒன்று. நினைவூட்டு இரண்டு. ஐந்து வரை. அவற்றுக்கு இடையிடையே பக்கத்து வீட்டுப் பெண்ணின் எண்ணிலிருந்து ஒன்பது அழைப்புகள்.

திருப்பிக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, எங்கன இருக்கிய? ஆச்சி விழுந்துட்டாவ. தென்காசி ஆஸ்பத்திரில இருக்கோம். பயப்படாண்டாம், பேசுதாவ. ஒங்களத்தான் ஏசுதாவ."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காக அந்தப் பெண்ணுக்கு நான் ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். அது இல்லாமல் அன்று அந்த மலைச்சாலையில் ஸ்கூட்டரை நேராக ஓட்டியிருக்கமாட்டேன்.

வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. இடுப்பில் பலமான அடி, எலும்புக்கு ஒன்றுமில்லை. கட்டு போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லாக் குளிச்சியாலே?"

நான் ஈரத் தலையோடு கட்டிலருகே உட்கார்ந்தேன்.

நடந்தது இதுதான். மோட்டாரைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு வந்தவள் துவைகல்லருகே பாசியில் கால் வழுக்கி விழுந்துவிட்டாள். எழ முடியவில்லை. சத்தம் போட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, சாரல் காற்று வேறு. தொண்டை வற்றிப்போய்ப் படுத்துக்கிடந்தவளின் இடது கைக்கு எட்டும் தூரத்தில், இரண்டு செங்கல் உயரத்தில், அந்தத் தகடு இருந்தது. தரையில் தேங்கிய தண்ணீரை விரலால் தொட்டு அதன்மேல் வைத்தாள். படுதா கரகரவென்று விரிந்தது. தலைப்பில் நனையாத ஒரு மூலையைத் தேடித் துடைத்தாள். சுருங்கியது. மறுபடி தண்ணீர். மறுபடி துடைப்பு. கருவியின் பதிவேட்டைப் பிறகு பார்த்தேன், பதினோரு முறை விரிந்து பதினோரு முறை சுருங்கியிருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெண் மிக்ஸியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தபோது, மதிலுக்கு மேலே நீலப் படுதா போவதும் வருவதுமாக இருந்ததைப் பார்த்திருக்கிறாள். "அண்ணாச்சி மெஷினுக்குக் கிறுக்குப் புடிச்சிட்டுன்னு நெனச்சேன்" என்றாள் என்னிடம். "ஆச்சி, மெயின ஆப் பண்ணுங்கன்னு கத்துனேன். சத்தமே இல்ல. அப்புறந்தான் ஓடியாந்தேன்."

என் எச்சரிக்கைக் கருவி அந்த நேரம் முழுவதும் முறைப்படி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் மாலை மருமகன் வந்து சேர்ந்தான். அதற்குள் எனக்கு ஒரு பகலும் ஓர் இரவும் கிடைத்தன. அவனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அம்மா விழுந்தாள், சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார்கள். மாமாவின் கருவியால் என்று அவன் நினைத்துக்கொண்டு வருகிறான். படுதாவும் கருவிதானே. அப்படியே விட்டுவிடலாம். பதிவேடு என் கையில் இருந்தது, அதில் ஆறு வரியை அழித்தால் போதும். அக்கா இலஞ்சியிலேயே இருப்பாள்.

அலுவலகத்தில் பிறர் எழுதிய விளக்கக் கடிதங்களை நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறேன். உண்மையைச் சொல்பவன் சுருக்கமாக எழுதுவான் என்பது அந்தப் படிப்பில் நான் கற்ற ஒரே விஷயம். ஒரு பக்கத்தில் எழுதினேன். எச்சரிக்கை குறித்த நேரத்தில் எழுந்தது. அது மேலே போகாமல் நிறுத்தியது நான் வைத்த ஒப்புதல் முறை. அந்த நேரம் நான் அருவியில் இருந்தேன். கருவி வேலை செய்தது, நான் செய்யவில்லை. கையெழுத்துப் போட்டு, பதிவேட்டையும் இணைத்து, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவனிடம் கொடுத்தேன்.

அவன் படித்தான். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரியும், அந்தத் தாளில் இருப்பது அவள் வீடு என்று.

"இந்த ஒப்புதல் எதுக்கு மாமா வச்சிய?"

"பொய்ச்செய்தி ஒனக்கு வரக்கூடாதுன்னுதான்."

அவன் தாளை மடித்தான். திரும்ப விரித்தான். "நாந்தான அப்படிச் சொன்னேன்" என்றான்.

நான் தோற்றுவிட்டேன் என்றே வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் நாள் அக்காவை இலஞ்சிக்குக் கூட்டி வந்தோம். பக்கத்து வீட்டுப் பெண் கஞ்சி கொண்டுவந்தாள். மருமகன் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கேட்டான்.

"அக்கா, நீங்க பக்கத்துலயே இருக்கிய. காலைலேருந்து அம்மா சத்தமே கேக்கலைன்னு ஒங்களுக்குத் தோணலையா?"

அவள் என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று யோசித்தவள்போலத் தயங்கினாள்.

"முன்னெல்லாம் தெரியும் தம்பி. தெனமும் ஆறரைக்கு எங்க வாழைல தண்ணி கொட்டும். ஆச்சி, தொட்டி நெறஞ்சிட்டுன்னு கத்துவேன். கேட்டுட்டு கேட்டுட்டும்பாவ. ஒரு நாளு பதில் வரலைன்னா மதிலுக்கு மேல எட்டிப் பாப்பேன். அண்ணாச்சி அத மாத்தின பெறவு தண்ணியும் கொட்டல, நானும் கத்தல. நல்லா இருக்காவன்னு நெனச்சிக்கிட்டேன்."

நான் நிர்வாகக் குறைபாடு என்று நீக்கியது எது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பல ஆண்டுகளாகத் தவறாமல் ஓடிக்கொண்டிருந்த எச்சரிக்கை முறையை, அது என்னவென்று விசாரிக்காமலே, தண்ணீர் சேமிப்பு என்ற தலைப்பில் முடித்துவைத்திருக்கிறேன்.

"எங்க அடுக்குமாடில எனக்கு மேல யாரு, கீழ யாருன்னு எனக்கே தெரியாது" என்றான் மருமகன். யாருக்கும் பதிலாகச் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டான். பிறகு என் பக்கம் திரும்பினான். "மாமா, அந்தத் தண்ணிய மறுபடி கொட்ட வைக்க முடியுமா?"

"கருவியைக் கழத்திட்டாப் போதும்."

"கழத்தாண்டாம். தொட்டி நெறஞ்ச பெறவு ஒரு நிமிசம் கூட ஓடட்டும். அந்த ஒப்புதலையும் எடுத்துருங்க. பொய்யா வந்தாலும் பரவால்ல, எனக்கே வரட்டும்." அம்மாவைப் பார்க்காமலே சேர்த்துச் சொன்னான். "கை சரியாகுத வரைக்கும் நான் இங்கனயே இருந்து வேலை பாக்கேன். பெறவு பாப்போம்."

அக்கா கஞ்சியை இடது கையால் எடுத்துக் குடித்தாள். "பெறவு என்ன பாக்க?" என்றாள். "நான் எங்கயும் போவல."

அவன் மறுத்துப் பேசவில்லை.

நிரலில் ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். அறுபது விநாடி. என் வாழ்க்கையில் நான் தெரிந்தே அனுமதித்த முதல் வீண்செலவு அதுதான். ஒப்புதல் பொத்தானை எடுத்துவிட்டேன். மருமகன் பாசியைச் சுரண்டிவிட்டுக் கொல்லையில் சொரசொரப்பான கல் பதித்தான். தகடு அதே செங்கல்மேல் இருக்கிறது. சாரலுக்கு இன்னும் அசைவதில்லை. இப்போது நானும் திருகாணியைத் தொடுவதில்லை.

அவன் பூனாவுக்குத் திரும்பி ஆறு மாதமாகிறது. வாரத்தில் இரண்டு நாள் காலையில் நான் இலஞ்சிக்குப் போவேன், கைபேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு. ஆறரை மணிக்குக் குழாயிலிருந்து தண்ணீர் வாழை இலைமேல் படபடவென்று விழும்.

"ஆச்சி, தொட்டி நெறஞ்சிட்டு."

"கேட்டுட்டுடீ, கேட்டுட்டு."

சரியாக ஒரு நிமிடத்தில் மோட்டார் நின்றுவிடும். அந்த ஒரு நிமிடத்தில் கேட்கும் இரண்டு குரலிலும் நான் செய்தது ஒன்றுமில்லை.